கோக் கலவையில் மரக்கரி: மரத்துண்டு முதல் அடுப்பு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மரக்கரி, நிலக்கரி, கல்கரி என்று பள்ளியில் மூன்று கரி படித்திருப்போம். அந்தக் கல்கரியை ஆலையில் யாரும் கல்கரி என்று சொல்வதில்லை, கோக் என்பார்கள். 1709-இல் இங்கிலாந்தின் கோல்புரூக்டேலில் ஆபிரகாம் டார்பி கோக்கை வைத்து இரும்பு உருக்கிக் காட்டும்வரை ஊதுலைகள் மரக்கரியில்தான் ஓடின. நம் பக்கத்திலும் கதை அதுதான். 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் ஜோசையா மார்ஷல் ஹீத் தொடங்கிய இரும்பாலை, சேலத்துத் தாதுவை மரக்கரியில் உருக்கியது. அது நிலைக்காமல் போனதற்குக் கரி தட்டுப்பாடும் ஒரு காரணம். முந்நூறு வருடம் கழித்து அதே மரத்தைக் கோக்குக்குள்ளேயே நுழைக்கப் பார்க்கிறோம். காரணம், நிலக்கரியின் கார்பன் பூமிக்கடியில் கிடந்தது. மரத்தின் கார்பன் காற்றிலிருந்து வந்தது. வெட்டிய இடத்தில் மறுபடி மரம் வளர்ந்தால் கணக்கு ஓரளவு நேராகும்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். 'பயோகோக்' என்று தேடினால் ஜப்பானின் கிண்டாய் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஒரு பொருளும் வரும். அது நிலக்கரியே இல்லாமல், தாவரக் கழிவைச் சூடாக்கி இறுக அழுத்திய கட்டி. இங்கே பேசுவது வேறு: நிலக்கரியைக் காற்றில்லாமல் சுட்டுக் கோக்காக்கும் கோக் அடுப்புக்குப் போகும் நிலக்கரிக் கலவையில் கொஞ்சம் மரத்தைச் சேர்ப்பது.

ஏன் கொஞ்சம்?

ஊதுலையில் கோக்குக்கு மூன்று வேலை. எரிந்து சூடு தர வேண்டும், தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்க வேண்டும், மேலே இருக்கிற அத்தனை சுமையையும் தாங்கிக்கொண்டு நடுவே காற்றுக்கு வழி விட வேண்டும். முதல் இரண்டையும் பொடித்த நிலக்கரியோ மரக்கரியோ கூடச் செய்யும். பிரேசிலில் மரக்கரியை வைத்தே சின்ன ஊதுலைகளை ஓட்டுகிறார்கள். மூன்றாவதுதான் சிக்கல். பெரிய உலையின் பாரத்தை மரக்கரி தாங்காது, நொறுங்கிவிடும். ஆகவே கோக்கில் எதைச் சேர்த்தாலும் அதன் தெம்பு குறையக் கூடாது.

எவ்வளவு லாபம் என்பதையும் இப்போதே பார்த்துவிடுவோம். கலவையில் 3% மரக்கரி சேர்த்தால், கோக்கில் மரத்தின் பங்கு சுமார் 3.5% (ஏன் கூடுகிறது என்பது படி 3-இல்). ஒரு டன் இரும்புக்கு 350 கிலோ கோக் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், மரத்திலிருந்து வந்தது 12 கிலோ. கார்பன் டை ஆக்சைடில் சொன்னால் 40 கிலோ. ஊதுலை வழியில் ஒரு டன் எஃகுக்கு வெளியேறுவது இரண்டு டன் அளவில் என்றால், இது இரண்டு சதவீதம்தான். புரட்சி ஒன்றும் இல்லை. ஆனால் புது உலை கட்டாமல், இருக்கிற அடுப்பிலேயே கிடைக்கிற இரண்டு சதவீதம்.

படி 1: மரத்தை விடுங்கள், நிலக்கரியைப் பாருங்கள்

எல்லோரும் எந்த மரம் என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்வி அப்புறம். முதலில் கேட்க வேண்டியது, உங்கள் நிலக்கரி எவ்வளவு இளகுகிறது என்பது.

கோக் நிலக்கரியைக் காற்றில்லாமல் சூடாக்கினால் 350 முதல் 400 டிகிரி செல்சியஸுக்குள் இளக ஆரம்பிக்கும். பாகு பதத்துக்கு வந்து, குமிழ் விட்டு, 500-ஐ ஒட்டி மறுபடி இறுகும். அந்த நூறு டிகிரிக்குள்தான் துகளும் துகளும் ஒட்டிக்கொள்கின்றன. கடலை மிட்டாய்க்கு வெல்லப்பாகு மாதிரி. பாகு தாராளமாக இருந்தால் கடலையைக் கொஞ்சம் கூடப் போடலாம். பாகு சுண்டிப்போயிருந்தால் நாலு கடலை கூடினாலும் உதிரும். மரக்கரி இங்கே கடலை. அது இளகாது, ஒட்டாது. பாகையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும்.

இதை அளக்க கீஸ்லர் பிளாஸ்டோமீட்டர் இருக்கிறது. 5 கிராம் நிலக்கரியில் துடுப்பு ஒன்றைப் புதைத்து, நிமிடத்துக்கு 3 டிகிரி வீதம் சூடேற்றி, துடுப்பு எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று பார்ப்பார்கள். அளவு டி.டி.பி.எம். என்று வரும், அதாவது துடுப்பின் முள் நிமிடத்துக்கு எத்தனை பிரிவு நகர்கிறது என்பது. கலவைக்கு 200-லிருந்து 1000 வரை இருந்தால் நல்லது என்பது ஜப்பானியர் வழியாகப் பரவிய பழைய கணக்கு. உங்கள் கலவை 200-ஐத் தொட்டுக்கொண்டு நிற்கிறதென்றால் மரக்கரித் திட்டத்தை அப்படியே மூடி வைத்துவிடலாம். 600, 700 என்று கையிருப்பு இருந்தால் தொடரலாம்.

கையிருப்பு இல்லையென்றால் வழி இரண்டு. நன்றாக இளகும் நிலக்கரி ஒன்றைக் கூட்டலாம். அல்லது தார்ப்பிசின் சிறிதளவு சேர்க்கலாம், அது சீக்கிரமே உருகிப் பாகைக் கூட்டும். இரண்டுமே காசு. அந்தக் காசை மரக்கரியின் விலையோடு சேர்த்துத்தான் எழுத வேண்டும், தனிக் கணக்கில் ஒளிக்கக் கூடாது.

இன்னொன்று: நிலக்கரி குவியலில் கிடக்கக் கிடக்கக் காற்றுப் பட்டு இளகும் தன்மையை இழக்கும். போன மாத அறிக்கையை நம்பி இந்த மாதம் கலக்காதீர்கள்.

படி 2: மரம்

தண்டுப் பகுதி வேண்டும், பட்டை வேண்டாம். பட்டையில் சாம்பல் அதிகம், கால்சியம் அதிகம், ஒட்டிய மண்ணும் கூட. சுத்தமான தண்டு மரத்தில் சாம்பல் 1%-க்குள் இருக்கும். பெயின்ட் அடித்த பழைய ஜன்னல், ரசாயனம் ஏற்றிய பலகை எதுவும் கிட்டே வரக் கூடாது.

யூக்கலிப்டஸ், பைன், செஸ்ட்நட் எல்லாம் உலகெங்கும் சோதித்துப் பார்க்கப்பட்டவை. ஸ்பெயினில் ஓவியேடோவில் உள்ள இன்கார் ஆய்வகத்தினர் பைன், செஸ்ட்நட் மரத்தூளை 5% வரை கலந்து பார்த்திருக்கிறார்கள். நம் ஊரில் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி சுடுகிறவர்களுக்குக் குறைவில்லை. கரி கெட்டியாக, கனமாக வரும். தேங்காய்ச் சிரட்டைக் கரியும் நல்ல கரிதான், ஆனால் பொட்டாசியம் அதிகம். தவிர, தண்ணீர் வடிகட்டும் செயலூட்டிய கரி செய்கிறவர்கள் நம்மைவிட நல்ல விலை கொடுப்பார்கள்.

படி 3: மரமாகப் போடாதீர்கள், கரியாக்கிப் போடுங்கள்

இதில்தான் பலர் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கினேன். மரத்தூளை அப்படியே கலந்தால் கரி செய்யும் செலவு மிச்சமே என்று தோன்றும். 100 கிலோ கலவையை எடுத்துக்கொள்வோம்.

95 கிலோ நிலக்கரி, 5 கிலோ உலர்ந்த மரத்தூள். நிலக்கரியில் முக்கால் பங்கு கோக்காக நிற்கும்: 71.25 கிலோ. மரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் நிற்கும்: 1 கிலோ. ஆக 72 கிலோ கோக்கில் மரத்தின் பங்கு 1.4%.

அதே 5 கிலோ மரக்கரியாகப் போனால்? ஏற்கெனவே ஆவியாக வேண்டியது ஆவியாகிவிட்டது, 4.4 கிலோ நிற்கும். மொத்தம் 75.65 கிலோவில் அதன் பங்கு 5.8%. பாகுக்குச் சேதம் செய்கிற எடை இரண்டிலும் ஒன்றுதான், பலன் நான்கு மடங்கு.

மரம் சிதைகிற நேரமும் நமக்கு எதிரி. மரத்தின் செல்லுலோஸும் அதன் கூட்டாளிகளும் பெரும்பாலும் 200-க்கும் 400-க்கும் இடையில் உடைந்து புகையாகிவிடும். நிலக்கரி இளகத் தொடங்கும்போது மரம் இருந்த இடத்தில் ஓட்டையும் மெல்லிய கரியும்தான் மிச்சம். கூடவே, மரத்தின் எடையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் இருக்கிற ஆக்சிஜன். அது பாகை இளக வைக்கும் ஹைட்ரஜனைத் தின்றுவிட்டு, பாகைச் சீக்கிரம் கெட்டிப்படுத்திவிடும். போதாததற்கு, தண்ணீரும் அசெட்டிக் அமிலமும் வாயுக் குழாய்க்குள் போகும். அந்த வாயுவைச் சுத்தம் செய்யும் துணைப்பொருள் பிரிவில் இருக்கிறவர்கள் உங்களைத் தேடி வருவார்கள்.

கரியை எத்தனை டிகிரியில் சுட வேண்டும்? 400-இல் நிறுத்தினால் ஆவியாகும் பொருள் இன்னும் 25, 30% இருக்கும். 600-ஐத் தாண்டினால் 10% அளவுக்கு இறங்கும், ஆக்சிஜனும் குறையும். நான் 600 முதல் 700 என்றுதான் கேட்பேன். ஒரு கிலோ கரிக்கு மூன்றரை, நான்கு கிலோ உலர்ந்த மரம் ஆகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூட்டக் கரி வாங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. மூட்டம் போடுகிறவர் கைத்திறன் பெரிது, குறை சொல்லவில்லை. ஆனால் மண் போட்டு மூடுகிற மூட்டத்தில் உச்சிக் கரி ஒரு மாதிரி, அடிக்கரி ஒரு மாதிரி வரும். பிரிக்கும்போது மண்ணும் கூட வரும். ஒரே மூட்டத்தின் இரண்டு சாக்கில் சாம்பல் அளவு வேறு வேறாக வரும். சல்லடையில் சலித்து, சாக்குக்குச் சாக்கு மாதிரி எடுங்கள். பெரிய அளவில் செய்யப் போகிறீர்கள் என்றால் மூடிய இரும்புக் கலன் அடுப்புதான் வழி.

படி 4: ஆறவிடுதல்

புதுக்கரி காற்றை இழுக்கும், இழுக்கும்போது சூடாகும். மேலே தொட்டால் ஆறிவிட்டது போல இருக்கும். குவியலின் நடுவில் கனன்றுகொண்டிருக்கும். கலனிலிருந்து எடுத்த கரியைக் குறைந்தது ஒரு நாள் மெல்லிய பரப்பாக விட்டு, அப்புறம் சாக்கில் போடுங்கள். ஒரு முறை அவசரத்தில் மாலையில் சாக்குப் பிடித்துக் கொட்டகையில் அடுக்கிவிட்டோம். இரவு ஷிப்ட்டில் காவலாளி புகை பார்த்துச் சத்தம் போட்டார். மூன்று சாக்கோடு போயிற்று. நிலக்கரிக் குவியலை ஒட்டி அடுக்கியிருந்தால் நான் இதை இவ்வளவு லேசாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மழையில் நனையவும் விடாதீர்கள். கரி தன் துளைகளில் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும்; 5 கிலோ என்று எடை போட்டது உண்மையில் 4 கிலோவாக இருக்கும்.

படி 5: எவ்வளவு பொடிக்க வேண்டும்?

நிலக்கரியை 85, 90% அளவு 3 மி.மீ.-க்குள் வரும்படி அரைப்போம். கரியையும் மாவாக அரைத்தால் நன்றாகக் கலக்குமே என்று தோன்றும். கலக்கும், ஆனால் மாவாக்கிய கரியின் மேற்பரப்பு பல மடங்கு பெருகி, அத்தனை பரப்பும் பாகை உறிஞ்சும். பிறகு ஊதுலையில் கார்பன் டை ஆக்சைடு தின்னவும் அத்தனை பரப்பும் திறந்து கிடக்கும். கனடாவில் ஒட்டாவாவில் உள்ள கேன்மெட்எனர்ஜி ஆய்வகத்தார் மாவையும் பருங்கரியையும் ஒப்பிட்டுப் பார்த்து, பருங்கரிதான் கோக்கின் வலுவைக் குறைவாகக் கெடுக்கிறது என்று கண்டார்கள்.

அதற்காகக் கட்டியாகவும் விட முடியாது. சுற்றியுள்ள கோக் இறுகிச் சுருங்கும்போது கரித்துண்டு அதே அளவில் சுருங்காது, சுற்றிலும் விரிசல் விடும். 2 முதல் 4 மி.மீ. வரை என்று ஆரம்பியுங்கள். அரைக்கும் இயந்திரத்தில் நிலக்கரியோடு சேர்த்துப் போடாதீர்கள், கரிதான் முதலில் மாவாகும். தனியாக உடைத்து, சலித்து, கடைசியில் கலக்க வேண்டும்.

படி 6: சாம்பல் கணக்கு, அது சொல்லாத சங்கதி

கோக் கார்பன் டை ஆக்சைடோடு எவ்வளவு வேகமாக வினைபுரியும் என்பதைச் சாம்பலை வைத்து முன்கூட்டிச் சொல்ல ஒரு சூத்திரம் உண்டு: கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், சோடியம், இரும்பு ஆக்சைடுகளைக் கூட்டி, சிலிகா, அலுமினா கூட்டுத்தொகையால் வகுத்து, சாம்பல் சதவீதத்தால் பெருக்குவது. காரக் குறியீடு என்று வைத்துக்கொள்வோம்.

நிலக்கரியின் சாம்பல் 9%, அதில் கார வகை (முதல் ஐந்து ஆக்சைடுகள்) 10%, அமில வகை (சிலிகா, அலுமினா) 85% என்றால் குறியீடு 1.06. மரக்கரியின் சாம்பல் 3%தான், ஆனால் அதில் கார வகை 65, அமில வகை 15 என்றால் குறியீடு 13! பயந்துவிட வேண்டாம். 5% கலந்தபின் கலவைக்குக் கணக்குப் போட்டால் 1.14 வருகிறது. மிகச் சிறிய ஏற்றம்.

இந்த எண்ணைப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. சூத்திரம் சராசரியைச் சொல்கிறது. உலையில் வாயு சராசரியைத் தின்பதில்லை. கால்சியமும் பொட்டாசியமும் மரக்கரித் துண்டுக்குள்ளேயே, அதன் துளைச் சுவர்களிலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. துளையும் அங்கே, வினையூக்கியும் அங்கே. வாயு நேராக அங்கே போய்க் குடையும். அதனால் சோதனையில் வரும் வினைத்திறன், சூத்திரம் சொன்னதைவிட ஏறித்தான் வரும். பொட்டாசியத்தைத் தண்ணீரில் கழுவியே கணிசமாக எடுக்கலாம். கால்சியத்துக்கு அமிலம் வேண்டும், அப்புறம் அந்த அமிலத் தண்ணீரை என்ன செய்வது என்ற கேள்வி வரும். ஆய்வகத்தில் செய்து பார்க்கலாம், ஆலையில் கட்டுப்படியாகாது என்பது என் எண்ணம்.

படி 7: கலவையும் அடர்த்தியும்

மரக்கரி 2%-இல் தொடங்குங்கள். 3%, பிறகு 5%. அதற்கு மேல் போக வேண்டாம். ஒவ்வொரு முறையும் கரி சேர்க்காத கலவை ஒன்றும் கூடவே போக வேண்டும். ஒப்பிட அது இல்லாவிட்டால் உங்கள் எண்கள் யாருக்கும் உதவாது.

எடையில் 5 என்றால் பார்வைக்கு எவ்வளவு தெரியுமா? மரத்தூளின் அடர்த்தி ஒரு லிட்டருக்கு 200 கிராம், நிலக்கரிக்கு 800 கிராம் என்று கொள்ளுங்கள். 5 கிலோ தூள் 25 லிட்டர். 95 கிலோ நிலக்கரி 119 லிட்டர். கன அளவில் ஆறில் ஒரு பங்கு! மரக்கரி தூளைவிடக் கொஞ்சம் தேவலை, ஆனாலும் லேசானதுதான். அடுப்புக்குள் போகும் மொத்த எடை குறையும், துகள்களுக்கிடையே தூரம் கூடும், பாகு எட்டிப் பிடிக்காது.

அதனால்தான் இடித்து இறுக்கிச் செலுத்தும் அடுப்பு உள்ளவர்களுக்கு இந்த வேலை எளிது. அங்கே நிலக்கரியைப் பெட்டியில் போட்டு இடித்து, ஒரு கன மீட்டருக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல் அடர்த்தி வரவைத்து, முழு வில்லையாக உள்ளே தள்ளுகிறார்கள். மேலிருந்து கொட்டுகிற அடுப்பு என்றால், கரியையும் கொஞ்சம் நிலக்கரியையும் தாரோடு சேர்த்துக் கட்டி பிடித்துக் கலந்து பார்க்கலாம்.

படி 8: பெட்டிச் சோதனை

நேராக அடுப்பு முழுக்க நிரப்பாதீர்கள். துளையிட்ட இரும்புப் பெட்டியில் கலவையை நிரப்பி, உற்பத்தி அடுப்புக்குள்ளேயே வைத்து, மற்ற கோக்கோடு சுட்டு எடுப்பது நம் நாட்டு ஆலைகளில் வழக்கமான முறை. 18, 20 மணி நேரம் கழித்துத் தள்ளும்போது பெட்டியும் வெளியே வரும்.

என் முதல் பெட்டி மரத்தூள் பெட்டி. 5%, பச்சைத் தூள், அடர்த்தி பார்க்கவில்லை. திறந்தபோது ஓரத்தில் வெள்ளி நிறத்தில் நல்ல கோக் தெரிந்தது, மனசுக்குச் சந்தோஷம். கையில் எடுத்து இரண்டு விரலால் அழுத்தினேன். நடுப்பகுதி கறுப்பு மணலாகக் கொட்டியது. பக்கத்தில் நின்ற மூத்தவர் சொன்னது ஒன்றே ஒன்று: "பாகு வத்திப்போச்சு தம்பி." படி 1-ஐ முதலில் வைத்திருப்பது அதனால்தான்.

படி 9: எண்களைப் படித்தல்

உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட சோதனை ஒன்று. 20 மி.மீ. அளவில் பொறுக்கிய 200 கிராம் கோக்கை 1100 டிகிரியில் வைத்து, நிமிடத்துக்கு 5 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை இரண்டு மணி நேரம் செலுத்துவார்கள். எத்தனை சதவீதம் எடை குறைந்ததோ அது சி.ஆர்.ஐ. மிஞ்சியதை உருளையில் 600 சுற்று உருட்டி, 10 மி.மீ. சல்லடையில் எவ்வளவு நிற்கிறதோ அது சி.எஸ்.ஆர். பெரிய ஊதுலைக்காரர்கள் சி.எஸ்.ஆர். 60-க்கு மேல், சி.ஆர்.ஐ. 25-ஐ ஒட்டி இருக்க வேண்டும் என்பார்கள்.

மரக்கரி சேர்த்தால் சி.ஆர்.ஐ. ஏறும், சி.எஸ்.ஆர். இறங்கும். இறங்காமல் வந்தால் மகிழாதீர்கள், எடையைச் சரிபாருங்கள். எவ்வளவு இறங்கலாம் என்பதை உங்கள் உலைக்காரரிடம் கேட்டு, சோதனைக்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எண் வந்தபின் எல்லை வகுத்தால் எல்லை எண்ணுக்குப் பின்னாலேயே நகரும்.

குளிர்ந்த நிலை வலுவுக்கு மைக்கம் சோதனை: 60 மி.மீ.-க்கு மேற்பட்ட கோக் 50 கிலோ, 100 சுற்று. எம்40 (40 மி.மீ. சல்லடையில் நிற்கும் சதவீதம்) இறங்கினால் விரிசல் கூடியிருக்கிறது, கரித்துண்டு பெரிது என்று அர்த்தம். எம்10 (10 மி.மீ.-க்குக் கீழே நொறுங்கியது) ஏறினால் ஒட்டவில்லை, பாகு போதவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு. பெட்டியில் கிடைக்கிற கோக் இதற்குப் போதாது. நூற்றுக்கணக்கான கிலோ பிடிக்கும் சோதனை அடுப்பு வேண்டும். கோக் தள்ள வராமல் சிக்குமா, சுவரில் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்பதும் அங்கேதான் தெரியும்.

படி 10: உண்மையான அடுப்பு

ஒரே ஒரு அடுப்பு, அதுவும் தொகுதியின் ஓரத்தில் இல்லாமல் சூடு சீராக இருக்கிற நடுவில் ஒன்று. 2% போதும். தள்ளும் இயந்திரத்தின் மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பக்கத்து அடுப்போடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கத்தைவிட ஏறினால் அன்றோடு நிறுத்தம். கதவோரத்தில் புகை, வாயுவின் ஈரம், தாரின் அளவு எல்லாம் ஷிப்ட் பதிவேட்டில் வர வேண்டும்.

ஐந்தாறு அடுப்பு வரை பழுதில்லாமல் வந்தபின் கொள்முதல்காரரை உட்கார வையுங்கள். வருடத்துக்குப் பத்து லட்சம் டன் கோக் எடுக்கிற ஆலைக்குப் பதின்மூன்று லட்சம் டன்னுக்கு மேல் கலவை வேண்டும். அதில் 5% என்றாலே 66,000 டன் மரக்கரி. அதற்கு இரண்டே கால் லட்சம் டன்னுக்குக் குறையாத உலர்ந்த மரம், ஒவ்வொரு வருடமும். 2% என்றால் இருபத்தாறாயிரம் டன் கரியில் முடியும். அந்தக் கரி எங்கிருந்து வரும், வெட்டிய இடத்தில் என்ன நடப்படும், மழைக்காலத்தில் எத்தனை நாள் லாரி நிற்கும், எத்தனை நாள் இருப்பைக் கூரைக்குள் வைக்க முடியும் என்று தாளில் எழுதி வாங்குங்கள். அந்தத் தாளில் வருகிற டன்னை வைத்துக் கலவையின் சதவீதத்தைத் திருப்பிக் கணக்கிடுங்கள், அது 1.5% என்று வந்தால் 1.5%தான் போட வேண்டும்.